முதலாவதாக வந்த கார் எது?

சித்திரை மாதம் பிறந்ததும் கொழும்பிலுள்ள குடும்பங்கள் பல நுவரெலியாவை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், ஏரியிலே படகோட்டம் என்று அங்கே களியாட்டங்களுக்குக் குறைவில்லை. ஆயினும், வீட்டில் வாலிப வயதுப் பிள்ளை ஒருவன் இருந்தால் அவனுடைய நாட்டமெல்லாம் மகாகஸ்தொட்டைத் தேயிலைத் தோட்டத்து மேட்டுப் பாதையிலே நடக்கும் மோட்டார் மலையேற்றப் போட்டியில்தான் இருக்கும். பார்த்துவிட்டுத் திரும்பிய பிள்ளையிடம் தகப்பனார், "எந்தக் கார் முதலாவதாக வந்தது?" என்று கேட்பார். பிள்ளையோ, "எந்த வகுப்பில், அப்பா?" என்று திருப்பிக் கேட்பான். தகப்பனாருக்கு வியப்பாயிருக்கும். ஓட்டமென்றால் முதலாவதாக வருவது ஒன்றுதானே! பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய வகுப்பு பந்தயத்துக்குள் எப்படி நுழைந்தது?

பிள்ளை கேட்டதே சரியான கேள்வி என்பதை இந்த வாரம் வாசக நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். வேகத்தை விலைக்கு வாங்கலாம். நியாயமான போட்டியை அவ்வாறு வாங்க முடியாது. அதை யாரோ சிலர் மேசையருகே அமர்ந்து, பல நாள் யோசித்து, காகிதத்தில் எழுதி வைக்கவேண்டும். மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவோர் ஓட்டியவரைப் பற்றிப் பேசுவர். வண்டியைப் பற்றிப் பேசுவர். அந்தக் காகிதத்தை எழுதியவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நாம் இன்று அவரைப் பற்றியே பேசுவோம்.

மோட்டார்ப் பந்தயங்களில் இரு பெரும் வகைகள் உண்டு. பல வண்டிகள் ஒருங்கே புறப்பட்டு ஒன்றையொன்று முந்துவது ஒருவகை. வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடுவது மற்றொரு வகை. இரண்டாவது வகையில் மேட்டுப் பாதையில் ஓடுவதை மலையேற்றம் என்றும், சமதரையில் ஓடுவதை ஸ்பிரிண்ட் என்றும் வழங்குவர். பின்னதை நாம் குறுவோட்டம் என்று அழைப்போம். ஓட்டம் ஒரு நிமிடத்திலோ இரண்டு நிமிடத்திலோ முடிந்துவிடும். புறப்படும் கோட்டிலும் முடியும் கோட்டிலும் உள்ள ஒளிக்கதிரை வண்டி மறிக்கும்போது கடிகாரம் தானே நேரத்தைக் குறித்துக்கொள்ளும். மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 33 மீற்றர் கடக்கிறது. விநாடியின் நூறிலொரு பங்கில் அது கடக்கும் தூரம் ஒரு முழத்திலும் குறைவு. வெற்றி தோல்வியை அந்த ஒரு முழம் நிர்ணயிப்பதும் உண்டு.

இவ்வகைப் போட்டி புதியதன்று. இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்னுமிடத்து மலையேற்றம் 1905ஆம் ஆண்டு தொடங்கியது. எமது நாட்டு மகாகஸ்தொட்டை மலையேற்றம் 1934ஆம் ஆண்டு தொடங்கியது. சமதரை ஓட்டத்துக்கு இடம் தந்ததோ, விந்தையாக, யுத்தம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்கென்று களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் ஓடுபாதை ஒன்று அமைக்கப்பட்டது. யுத்தம் முடிந்தது, விமானங்கள் போயின, பாதை எஞ்சியது. பின்னர் அங்கே கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் ஓடலாயின. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயப் பாதையும் யுத்த காலத்து விமானத் தளமே. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தின் கதையும் அதுவே. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குள்ள பழைய ஓடுபாதையிலே பல்லாண்டு பந்தயங்களை நடத்தியது. நேரான பாதை, இரு புறமும் வெட்டவெளி, வேண்டாதவர் புகாத எல்லை: பந்தயம் நடத்துவோருக்கு இம்மூன்றும் பெரும் பேறல்லவா?

நிற்க, வகுப்பு விஷயத்துக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியைப் பார்த்த முதியவர்கள் எம்மிடையே பலர் உளர். அங்கே வந்த மாடுகளையெல்லாம் ஒரே திடலில் ஒரே தடவையில் ஓடவிடுவதில்லை. தரம் பார்த்து ஏ, பீ, சீ, டீ என்று பிரித்தே ஓட விடுவர். இளங்கன்றை வென்ற காளைக்கு யார் மாலை போடுவார்? எமது பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டியிலும் பதின்மூன்று வயதுக்குட்பட்டோரைப் பத்தொன்பது வயதினரோடு ஓடச் சொல்வதில்லை. காருக்கும் இந்த நியாயந்தான். ஆயிரம் சீ.சீ. கொள்ளளவுள்ள சிறிய காரை மூவாயிரம் சீ.சீ. வண்டியோடு நிறுத்தினால் கடிகாரம் பார்க்காமலே முடிவைச் சொல்லிவிடலாம். முடிவு முன்னரே தெரிந்த போட்டிக்குச் சிறிய காரின் சொந்தக்காரர் ஒரு தடவை வருவார். மறு தடவை வரமாட்டார். மூன்றாம் ஆண்டில் பணம் படைத்த நால்வர் மட்டுமே எஞ்சுவர்.

ஆகவே முதற் பிரிவு எஞ்சினின் கொள்ளளவைப் பற்றியது. 1000, 1300, 1500, 2000 என்று எல்லைகளை வகுப்பர். ஆனால், கொள்ளளவு மட்டும் முழு உண்மையையும் சொல்லிவிடாது. டர்போ என்னும் கருவி எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிச் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிக்கக்கூடிய பெற்றோலும் மிகும். சிறிய எஞ்சின் பெரியதன் வேலையைச் செய்யும். இதனை ஈடுசெய்யவே, 1904ஆம் ஆண்டு தோன்றிய சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் விதிகளில் டர்போ பூட்டிய பெற்றோல் எஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கிக் கணக்கிடும் முறை ஏற்பட்டது. 1300 சீ.சீ. டர்போ வண்டி அக்கணக்கின்படி 2210 சீ.சீ. ஆகிறது, அது பெரியவர்களோடுதான் ஓடவேண்டும்.

இரண்டாவது பிரிவு, வண்டியில் செய்த மாற்றங்களைப் பற்றியது. கடையில் வாங்கியபடியே, பாதுகாப்புக்கு வேண்டியதை மட்டும் சேர்த்து ஓட்டுவோர் உளர். எஞ்சினை அவிழ்த்து, உள்ளுறுப்புகளை மாற்றி, கதவுகளின் பாரத்தைக் குறைத்து, வேறொரு பிறவியாகவே வண்டியை ஆக்கிவிடுவோரும் உளர். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஓட்டத்தில் யானையும் பூனையுமாக இருக்கும். 1982ஆம் ஆண்டு முதல் சர்வதேச விதிகளில் என், ஏ, பி என்ற தொகுதிகள் இக்காரணத்தாலேயே ஏற்பட்டன. என் தொகுதியில் மாற்றம் மிகச் சொற்பம். ஏ தொகுதியில் அதனினும் அதிகம்.

மூன்றாவது வழி மிகவும் எளியது. எமக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. எல்லோரும் ஒரே வகைக் காரை ஓட்டுவது! இலங்கைப் பந்தயங்களில் பழைய மினி கார்களுக்கும், 1300 சீ.சீ. போர்ட் லேசர், மஸ்டா கார்களுக்கும், நிசான் மார்ச் கார்களுக்கும் தனி வகுப்புகள் வைத்து நடத்தியிருக்கிறார்கள். இவை கோடீசுவரர்களின் வண்டிகள் அல்ல. காலி வீதியிலே அரிசி மூட்டையையும் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்ற குடும்ப வண்டிகள். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய காரின் விலை தங்கத்தின் விலைபோல் ஏறியதை எந்தக் குடும்பம் மறக்கும்? இத்தகைய நாட்டில் மலிவான வகுப்பு ஒன்றை உயிரோடு வைத்திருப்பது விளையாட்டை உயிரோடு வைத்திருப்பதாகும்.

தமிழகத்தில் இதற்குச் சிறந்த முன்மாதிரி ஒன்றுண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1988ஆம் ஆண்டில், மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைக் கொண்டே ஒருவர் அமரும் பந்தய வண்டியை உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே எஞ்சின். ஆகவே ஓட்டுநரின் திறமையே பேசவேண்டியதாயிற்று. அந்த வண்டிகளில் ஓடப் பழகிய கோயம்புத்தூர் இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டில் பார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். 796 சீ.சீ. எஞ்சினிலிருந்து உலக அரங்குக்கு வழி இருந்தது. அந்த வழியை வகுத்தது ஒரு வகுப்புப் பிரிவே.

இனி, பல போட்டிகளைக் கோத்து ஒரு வருடச் சம்பியனைத் தெரிவு செய்வது எப்படி? இல்ல விளையாட்டுப் போட்டியில் புள்ளி சேர்ப்பதுபோலத்தான். வகுப்பில் முதலாவதாக வந்தவருக்கு இத்தனை புள்ளி, இரண்டாமவருக்கு இத்தனை என்று கொடுத்து, வருட முடிவில் கூட்டிப் பார்ப்பது ஒரு முறை. இதில் சிறிய மினியும் பெரிய வண்டியும் சமமாகவே நிற்கும். ஆனால், ஒரு சிக்கல் உண்டு. ஒரு வகுப்பில் ஒருவரே வந்தால் அவர் தம் நிழலோடு ஓடி முதற் பரிசையும் முழுப் புள்ளியையும் பெற்றுவிடுவார்! இதற்காகவே, இத்தனை பேரேனும் வராவிடில் அந்த வகுப்பை மேல் வகுப்போடு சேர்ப்பது அல்லது புள்ளியைக் குறைப்பது என்ற விதியை முன்கூட்டியே எழுதவேண்டும்.

வேறொரு முறையும் உண்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் இலக்கு நேரத்தைக் குறித்து, அதற்கு எவர் எவ்வளவு அண்மையில் வந்தார் என்று நூற்றுக்கணக்கில் பார்ப்பது. மாணவர்கள் பென்சில் எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சிறிய வகுப்பின் இலக்கு 62 விநாடி. ஓட்டியவர் எடுத்தது 63.5 விநாடி. பெரிய வகுப்பின் இலக்கு 50 விநாடி. ஓட்டியவர் எடுத்தது 52 விநாடி. முன்னவருக்கு 97.64 புள்ளி, பின்னவருக்கு 96.15 புள்ளி. பதினொன்றரை விநாடி பின்னால் வந்த சிறிய கார் வென்றுவிட்டது! தம் வண்டியின் சக்தியை யார் முழுமையாகப் பயன்படுத்தினாரோ அவரே வென்றார் என்பது இதன் கருத்து. இலக்கு நேரத்தைக் குறிப்பவர் கை சற்றே சாய்ந்தால் வெற்றியும் சாய்ந்துவிடும்; ஆதலால் கடந்தகால ஓட்டங்களின் பதிவுகளைக் கொண்டே அதனைக் குறிக்கவேண்டும்.

எந்த முறையாயினும் ஆகுக. விதி எதுவாயிருப்பினும், அது முதல் ஓட்டத்துக்கு முன்னரே அச்சிடப்பட்டு எல்லோர் கையிலும் இருக்கவேண்டும். பாதி வருடத்தில் மாற்றிய விதி, நல்ல விதியாயினும் கெட்ட விதியே. "இன்னாருக்காக மாற்றினார்கள்" என்ற ஒரு சொல் எழுந்துவிட்டால் பிறகு எத்தனை கிண்ணங்கள் வழங்கினாலும் அவற்றுக்குப் பெறுமதி இல்லை. வகுப்புகளின் தொகையிலும் அளவு வேண்டும். குறைந்தால் எளியவர் விலகுவர். மிகுந்தால் ஆளுக்கொரு கிண்ணமாகி, வெற்றி என்ற சொல்லே அர்த்தமற்றுப் போகும்.

இவையெல்லாம் நியாயத்தைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது உயிரைப் பற்றியது.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் மோட்டார்ப் போட்டியில் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். பந்தய ஒழுங்குகளைக் கவனித்துக்கொண்டு நின்ற உதவியாளர்களும் இருந்தனர். மேலும் பலர் காயமுற்றனர். புத்தாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு மகிழச் சென்றவர்கள் அவர்கள். உலக வரலாற்றிலும் இத்தகைய துக்கம் உண்டு. 1955ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி பிரான்சின் லெ மான் பந்தயத்தில் கார் ஒன்று சிதறிக் கூட்டத்தில் விழுந்ததால் எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின் சுவிற்சர்லாந்து தன் நாட்டில் சுற்றோட்டப் பந்தயங்களையே தடைசெய்தது. அத்தடை முற்றாக நீங்க அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

இதில் நாம் கற்கவேண்டிய கணக்கு ஒன்றுண்டு. மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், உலர்ந்த பாதையிலே பிரேக்கை மிதித்தபின் ஏறக்குறைய 25 மீற்றரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் இரட்டித்து 144 ஆனால் தூரமும் இரட்டித்து 50 ஆகும் என்றே பலரும் எண்ணுவர். அவ்வாறன்று. தூரம் நான்கு மடங்காகி 100 மீற்றர் ஆகிறது. மழை பெய்து டயரின் பிடி பாதியானால் 200 மீற்றர். வேலிக்கு அருகே நின்று கைப்பேசியில் படம் பிடிக்கும் இளைஞனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. போட்டி நடத்துபவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். முடியும் கோட்டுக்கு அப்பால் எத்தனை மீற்றர் வெறும் பாதை இருக்கிறது, வளைவின் வெளிப்புறத்தில் எவரேனும் நிற்கிறாரா, மழை வந்தால் யார் நிறுத்துவது என்ற வினாக்களுக்கு விடை எழுதாமல் கொடியசைக்க ஒருவருக்கும் உரிமை கிடையாது.

அதே 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரக் கார்ப் பந்தயம் நடந்தது. மழை காரணமாகப் பாதையைச் சோதித்துச் சான்று வழங்குவது தாமதித்தபடியால் முதல் நாள் நிகழ்ச்சிகளும் தாமதித்தன. கூடியிருந்தோர் சலித்திருப்பர். ஆனால், சான்று வரும்வரை ஓட்டம் இல்லை என்று காத்திருப்பதே ஒழுங்கு. தாமதத்தால் எவரும் இறந்ததில்லை.

குறுவோட்டத்தை நாம் விரும்புவதன் காரணமும் இங்கேயே இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு வண்டியே ஓடுவதால் மோதலுக்கு இடம் குறைவு. ஆபத்து அற்றது என்று சொல்லமாட்டோம். அடக்கி ஆளக்கூடிய ஆபத்து என்று சொல்வோம். அதற்கும் ஆள்பலம் வேண்டும். வண்டியைச் சோதிப்பவர் தலைக்கவசம், ஆசனப் பட்டி, டயர், பிரேக் எல்லாம் பார்ப்பார். பற்றரி இறுகப் பூட்டப்பட்டிருக்கிறதா, காலை எடுத்ததும் வேகமிதி தானே மீள்கிறதா என்றும் பார்ப்பார். நேரக் கணக்கர் ஒருவர் வேண்டும். பாதை நெடுகக் கொடியாளர்கள் வேண்டும்: மஞ்சள் என்றால் ஆபத்து, சிவப்பு என்றால் நில். அம்புலன்சும் தீயணைப்பாளரும் ஆயத்தமாக இருக்கவேண்டும். இவர்களில் பெரும்பாலோர் சம்பளமின்றி வெயிலில் நிற்கும் ஆர்வலர்கள். ஓடுகிறவர் ஒரு நிமிடம் ஓடுகிறார். அவருக்காக இவர்கள் நாள் முழுதும் நிற்கிறார்கள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நள்ளிரவில் கடற்கரை வீதியால் இரைந்து செல்லும் வண்டியின் ஓசை கேட்டுக் கண் விழிக்காதவர் எம்மில் யார்? அந்த வண்டியில் இருப்பவன் எங்கோ பிறந்தவன் அல்லன். நம்மில் ஒருவரின் மகன். அவனுக்கு வேகத்தில் ஆசை. அந்த ஆசையை வசைமொழியால் அழித்துவிட முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிப்பாகம் தேடி அலையும் பிள்ளைக்கு, கொட்டாஞ்சேனைக் கராஜ் ஒன்றில் கையெல்லாம் எண்ணெயாக நிற்கும் பிள்ளைக்கு, மூடிய பாதையும் கடிகாரமும் விதிப்புத்தகமும் உள்ள இடத்தைக் காட்டுங்கள். ஓட்டுவதற்கு முன் கொடி பிடித்து நிற்கச் சொல்லுங்கள். நேரம் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு பருவம் பாதையோரத்தில் நின்று பார்த்தவனுக்கு, வேகம் என்பது என்ன, அது நிற்க எவ்வளவு இடம் கேட்கிறது என்பது புத்தகமின்றியே விளங்கிவிடும். அப்படி விளங்கியவன் காலி வீதியில் வேகம் காட்டமாட்டான். கணிதத்தில் நாட்டமுள்ள பெண்பிள்ளைகளுக்கும் இதில் இடமுண்டு. புள்ளிக் கணக்கும் நேரக் கணக்கும் ஆண் பெண் பார்ப்பதில்லை.

பரிசளிப்பு நாளிலே கிண்ணத்தை உயர்த்திக் காட்டுபவருக்கு நாமும் கைதட்டுவோம். ஆனால், சிறிய காரில் வந்தவர் "எனக்கு அநீதி இழைக்கப்படவில்லை" என்று நிறைவோடு வீடு திரும்பினாரா, பார்க்கச் சென்ற குடும்பங்கள் போன தொகை குறையாமல் திரும்பினவா என்ற இரண்டையுமே நாம் முதலில் கேட்போம். இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தால், அந்தப் போட்டியில் முதலாவதாக வந்தவர் அதனை ஒழுங்கு செய்தவரே.